16 ஃப்ரேம்களில் இல்லாத எண்: ஒரு டேஷ்கேம் பதிவின் ஆய்வு

நண்பரின் காரை உரசிவிட்டு நிற்காமல் போன வெள்ளைக் கார், அவருடைய டேஷ்கேமில் (முன் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிய கேமரா) மிக அருகில் 16 ஃப்ரேம்களுக்கு, அதாவது வீடியோவின் 16 தனிப் படங்களில், தெரிகிறது. அதில் ஒரு ஃப்ரேமில்கூட நம்பர் பிளேட்டைப் படிக்க முடியவில்லை. பிளேட் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. இரண்டு வரியில் எழுதிய பிளேட் என்பதும் தெரிகிறது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். ஆனாலும் எண் கடைசியில் கிடைத்தது. அதே கேமரா, அதே மெமரி கார்டு, ஆனால் மோதலுக்குச் சற்று முந்தைய வேறொரு கோப்பு.

நண்பரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். வண்டி எண், மாடல், காவல் நிலையம் ஆகியவற்றை விட்டுவிட்டேன். கேமராவின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்த விலையில் எந்த கேமராவை வாங்கியிருந்தாலும் அன்றிரவு இதுதான் நடந்திருக்கும். ஏன் என்பதுதான் இந்த ஆய்வு.

நடந்தது என்ன

ஞாயிறு இரவு, பத்தரை மணி வாக்கில். சென்னையிலிருந்து திண்டிவனம் நோக்கி ஜிஎஸ்டி சாலையில் போய்க்கொண்டிருந்தார். பரனூர் டோல்கேட், பாலாற்றுப் பாலம், மாமண்டூர் எல்லாம் தாண்டியாகிவிட்டது. படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே, தெருவிளக்கு இல்லாத ஒரு பகுதி. இவர் இடது தடத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிறார். வலது தடத்தில் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் வேகமாக வருகிறது. மீடியன் ஓரமாக வைத்திருந்த பேரிகேடைக் கடைசி நொடியில் பார்த்துவிட்டு இடப்பக்கம் ஒடிக்கிறது. நண்பரின் வலது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது, முன் ஃபெண்டரில் நீளமாக ஒரு கீறல். அந்தக் கார் மறுபடி வலது தடத்துக்கே திரும்பி, வேகத்தைக் குறைக்காமல் போய்விட்டது.

யாருக்கும் அடியில்லை. சேதமும் பெரிதில்லை. சொந்த இன்சூரன்சிலேயே வேலையை முடித்திருக்கலாம். ஆனால் அவர் தொடர்ந்து நான்கு வருடம் க்ளெய்ம் எடுக்காமல் 45 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் சேர்த்து வைத்திருந்தார். ஒரு கண்ணாடிக்காக க்ளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யம். எதிர் வண்டியின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் கேட்கலாம் என்றால் எதிர் வண்டி எது என்று தெரிய வேண்டும். காவல் நிலையத்தில் புகாரை வாங்கி சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். “கேமரா இருக்குன்னு சொல்றீங்க, அப்போ நம்பர் இருக்குமே?” என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. டேஷ்கேம் வாங்குகிற எல்லோரும் அந்த நம்பிக்கையில்தான் வாங்குகிறார்கள்.

எத்தனை பிக்சல் கிடைத்தது

அது 1080பி கேமரா. படத்தின் அகலத்தில் 1920 பிக்சல், நொடிக்கு 30 ஃப்ரேம். அட்டைப்பெட்டியில் 140 டிகிரி என்று போட்டிருக்கும். அது மூலைவிட்டக் கணக்கு, அகலவாக்கில் சுமார் 120 டிகிரி வரும். 1920 பிக்சலை 120 டிகிரிக்குப் பங்கு போட்டால் டிகிரிக்கு 16 பிக்சல். லென்ஸின் ஓரத்தில் இது கொஞ்சம் மாறும், ஆனால் நம் கணக்குக்கு இது போதும்.

இனி பிளேட்டுக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 51ஆம் விதி எழுத்தின் அளவைச் சொல்கிறது. கார், லாரி, பேருந்து எல்லாவற்றுக்கும் எழுத்து உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி 10 மில்லிமீட்டர். இதில் முக்கியமான எண் அந்தத் தடிமன்தான். எட்டையும் மூன்றையும் வேறுபடுத்துவது ஒரு கோடு அல்லது ஒரு இடைவெளி. அந்த 10 மில்லிமீட்டர் படத்தில் குறைந்தது 2 பிக்சலாவது பிடிக்க வேண்டும். ஒரு பிக்சலுக்குள் சுருங்கிவிட்டால் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகிவிடும், அப்புறம் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

டிகிரிக்கு 16 பிக்சல் உள்ள கேமராவில் 10 மில்லிமீட்டர் கோடு 2 பிக்சலாகத் தெரிய, பிளேட் சுமார் 4.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் எழுத்தின் உயரம் 13 பிக்சல். 10 மீட்டருக்குப் போனால் உயரம் 6 பிக்சல், கோடு ஒரு பிக்சலுக்கும் குறைவு. அதற்கு மேல் போனால் பிளேட் என்பது ஒரு வெளிறிய செவ்வகம், அவ்வளவுதான்.

4.6 மீட்டர் என்பது கேமராவிலிருந்து. கேமரா கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, பம்பர் அதற்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் முன்னால். அப்படியென்றால் நம் பம்பருக்கும் முன் வண்டியின் பம்பருக்கும் நடுவே மூன்று மீட்டர். நெடுஞ்சாலையில் அவ்வளவு ஒட்டிப் போகிறவரிடம் கேமராவைப் பற்றிப் பேசுவதைவிட வேறு விஷயம் பேச வேண்டியிருக்கும்.

இருசக்கர வாகனம் என்றால் இன்னும் மோசம். பின் பிளேட்டில் கோட்டுத் தடிமன் 7 மில்லிமீட்டர், முன் பிளேட்டில் 5. இதே கேமராவில் பைக்கின் பின் எண்ணைப் படிக்க 3.2 மீட்டருக்குள் போக வேண்டும்.

நம் கண் இதில் ஏமாற்றுகிறது. நல்ல பார்வை உள்ள கண், நேராகப் பார்க்கும் இடத்தில் டிகிரிக்கு 60 பிக்சல் அளவுக்கு நுணுக்கம் பார்க்கும். அதாவது இந்த கேமராவைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. நண்பர் ஓட்டும்போது முன்னால் போகிற வண்டியின் எண்ணைச் சுலபமாகப் படித்துக்கொண்டுதான் போயிருப்பார். நான் பார்ப்பதை கேமராவும் பார்க்கிறது என்று நினைப்பதில்தான் சிக்கல்.

வேகம் செய்த வேலை

அருகில் இருந்தால் படிக்கலாம் என்றால், உரசிப் போன கார் அருகில்தானே இருந்தது? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் வழக்கின் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது.

அந்தக் காரின் வேகம் சுமார் 120. ஃப்ரேம்களுக்கு நடுவே அது நகர்ந்த தூரத்தைச் சாலைக் கோடுகளோடு ஒப்பிட்டால் அப்படித்தான் வருகிறது. நண்பரின் 80ஐக் கழித்தால் 40 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 11.1 மீட்டர். பக்கவாட்டில் பிளேட் சராசரியாக 2.5 மீட்டர் தள்ளி இருந்தது. அதன் பின்புறம் கேமராவின் பார்வைக்குள் தெளிவாக வருவது 3 மீட்டர் முன்னால் போன பிறகு. அங்கிருந்து 9 மீட்டர் போகும் வரை 6 மீட்டர் தூரம், அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். அதுதான் அந்த 16 ஃப்ரேம். அதிலும் முதல் சில ஃப்ரேம்கள் உரசலில் குலுங்கியவை.

இருட்டில் இந்த மாதிரி கேமரா ஷட்டரை முடிந்தவரை திறந்தே வைக்கும். நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கிற கேமராவில் அதிகபட்சம் 1/30 நொடி. அந்த 1/30 நொடிக்குள் பிளேட் படத்தில் எவ்வளவு இழுபடுகிறது என்று பார்த்தால் கதை முடிந்துவிடுகிறது. 4 மீட்டர் முன்னால் இருக்கும்போது 38 பிக்சல். எழுத்தின் உயரமே 13 பிக்சல்தான், அகலம் அதைவிடக் குறைவு. ஒரு எழுத்து பக்கத்தில் உள்ள மூன்று நான்கு எழுத்துகள் மேல் பூசப்பட்டுவிடுகிறது. 9 மீட்டரில் இழுவை 10 பிக்சலாகக் குறைகிறது, ஆனால் அங்கே எழுத்தின் உயரம் 6 பிக்சலாகச் சுருங்கிவிட்டது.

சரி, இன்னும் தள்ளிப் போகட்டும், இழுவை 2 பிக்சலுக்குள் அடங்கும் இடம் எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 20 மீட்டர். அங்கே எழுத்தின் உயரம் 3 பிக்சல். ஆக, பிக்சல் இருக்கும் தூரத்தில் இழுவை, இழுவை இல்லாத தூரத்தில் பிக்சல் இல்லை. இரண்டும் சேர்ந்து நமக்கு வாகாக அமைகிற ஒரு தூரம் அந்த இரவில் எங்கேயும் இல்லை. மோதல் கோப்பை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் எண் கிடைக்காது என்பதற்கு இதுதான் காரணம். அதைப் புரிந்துகொண்டதால்தான் வேறு இடத்தில் தேடப் போனோம்.

இதே உரசல் பட்டப்பகலில் நடந்திருந்தால்? வெயிலில் ஷட்டர் 1/1000 நொடிக்குப் போய்விடும். 3 மீட்டரில்கூட இழுவை 2 பிக்சலுக்குள்தான். கோட்டுத் தடிமன் கணக்குப்படி 4 மீட்டர் வரை படிக்கலாம். அந்த ஒரு மீட்டரை வண்டி கடக்கும் நேரத்தில் விழுவது 2 ஃப்ரேம். பகலிலேயே இரண்டு ஃப்ரேம்தான், அதுவும் சாய்வான கோணத்தில்.

எதிர்ப்புறம் வருகிற வண்டி என்றால் பேசவே வேண்டாம். இரண்டு பக்கமும் 80 என்றால் நொடிக்கு 44 மீட்டர் நெருக்கம். இருட்டில் 8 மீட்டர் தூரத்திலேயே இழுவை 50 பிக்சலைத் தாண்டும்.

4கே வாங்கியிருந்தால்

நண்பரின் மைத்துனர் முதலில் கேட்டது இதுதான். “4கே போட்டிருந்தா மாட்டியிருப்பான்ல?” பகலில் ஆமாம். பிக்சல் இரட்டிப்பாவதால் படிக்கக்கூடிய தூரம் 9 மீட்டருக்கு நீள்கிறது. 2 ஃப்ரேம் கிடைத்த இடத்தில் ஒரு டஜன் ஃப்ரேம் கிடைத்திருக்கும். இது பெரிய வித்தியாசம்.

இரவில் நிலைமை வேறு. பிக்சல் இரட்டிப்பானால் இழுவையும் பிக்சல் கணக்கில் இரட்டிப்பாகும். ஷட்டர் அதே 1/30 நொடியில் நின்றால் இழுவை அடங்கும் தூரம் 29 மீட்டருக்குத் தள்ளிப்போகிறது. அங்கே 4கேயிலும் எழுத்து 4 பிக்சல்தான். ஷட்டரைச் சுருக்கினால்தான் விடிவு. அதற்கு கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதிவுசெய்யும் சென்சார் குறைந்த வெளிச்சத்திலேயே படம் எடுக்க வேண்டும். இங்கே இன்னொரு முடிச்சு. 1080பி டேஷ்கேம்களில் பரவலாக இருக்கும் சோனியின் ஐஎம்எக்ஸ் 307 சென்சாரில் ஒரு பிக்சலின் பக்கம் 2.9 மைக்ரான். பல 4கே டேஷ்கேம்களில் வருகிற ஐஎம்எக்ஸ் 415இல் அது 1.45 மைக்ரான். பக்கம் பாதியானால் பரப்பு கால்வாசி. ஒவ்வொரு பிக்சலுக்கும் விழும் வெளிச்சமும் கால்வாசி. பகலில் ஜெயிக்கிற சென்சார் இரவில் ஷட்டரை இன்னும் நீட்டச் சொல்லி அடம்பிடிக்கும். சோனியின் புதிய ஸ்டார்விஸ் 2 தலைமுறையில் வந்த ஐஎம்எக்ஸ் 678 பெரிய சென்சார், பிக்சல் 2 மைக்ரான், அதனால் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. அப்போதும் தெருவிளக்கு இல்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தைப் பிடிக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

சந்தையில் 4கே என்று விற்கிற மலிவுக் கேமராக்கள் சில, இரண்டு மெகாபிக்சல் சென்சாரின் படத்தையே ஊதிப் பெரிதாக்கிக் கொடுப்பவை. சென்சாரின் பெயரைச் சொல்லாத விளம்பரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் குறைந்தாலும் கூடினாலும்

2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதன் மேற்பரப்பு ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வகை. ஓட்டுநர் கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று செய்தது. டேஷ்கேமுக்கு அது வசதியாக அமைவதில்லை. சுற்றிலும் இருட்டு, அதற்கேற்ப கேமரா வெளிச்சத்தை ஏற்றி வைத்திருக்கிறது. நடுவில் நம் ஹெட்லைட் பட்டு பிளேட் மட்டும் பளீரென்று திருப்பி அடிக்கிறது. அந்த வெள்ளை வெளிச்சம் கறுப்பு எழுத்தையும் விழுங்கிவிடும். நண்பரின் பதிவிலேயே நேர் முன்னால் போன பல வண்டிகளின் பிளேட் வெறும் வெள்ளைப் பலகைதான். ஹை பீம் போட்டபோது இன்னும் மோசம்.

ஹெச்டிஆர் உள்ள கேமரா ஒரு நீளமான படத்தையும் ஒரு குறுகிய படத்தையும் எடுத்துச் சேர்க்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அது உண்மையிலேயே உதவும். நகரும் வண்டிக்கு இரண்டு படமும் பொருந்தாமல் எழுத்துக்கு நிழல் விழும்.

கடைசியாக வீடியோ சுருக்கம். எச்.264 முறையில் படத்தை 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நுணுக்கமான மாற்றங்களை முதலில் வெட்டி எறிந்துதான் கோப்பைச் சின்னதாக்குகிறார்கள். 6 பிக்சல் உயர எழுத்து அப்படிப்பட்ட ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரியாக அடங்கிவிடும். மரங்களும் சாலையும் வேகமாக ஓடும் காட்சியில், எதை வெட்டலாம் என்று பார்க்கிற நிரலுக்கு அந்த எழுத்து இன்னொரு சின்ன இரைச்சல்.

செயலிகள் காட்டிய எண்கள்

இதற்குள் நண்பர் ஃப்ரேமை எடுத்து, படத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு ஃப்ரேமுக்கு அழகாக ‘டிஎன் 12’ என்று வந்தது. அதாவது பூந்தமல்லி. அடுத்த ஃப்ரேமைக் கொடுத்தால் ‘டிஎன் 72’. திருநெல்வேலி. இரண்டுமே கூர்மையாக, அச்சடித்த மாதிரி இருந்தன. ஒற்றைப் படத்திலிருந்து இந்தச் செயலிகள் செய்வது, தாம் பார்த்த லட்சக்கணக்கான படங்களை வைத்து இங்கே என்ன இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஊகிப்பது. கேமராவில் பதிவாகாத கோட்டை அவை கொண்டுவருவதில்லை, வரைகின்றன. அந்தத் தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போயிருந்தால் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டிருக்கும். நல்லவேளை, இரண்டு ஃப்ரேமும் இரண்டு ஊரைச் சொன்னதால் நண்பருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எண் கிடைத்த இடம்

எண்ணைப் படிக்க மூன்று விஷயம் ஒன்றுகூட வேண்டும்: ஐந்து மீட்டருக்குள் நெருக்கம், ஏறத்தாழ நிற்கிற வேகம், நம் ஹெட்லைட் நேராகப் படாத நல்ல வெளிச்சம். ஜிஎஸ்டி சாலையில் இரவு பத்து மணிக்கு இந்த மூன்றும் சேரும் இடம் ஒன்றுதான். டோல்கேட் வரிசை. அந்த வெள்ளைக் காரும் பரனூரைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும், நடுவில் எங்காவது ஏறியிருந்தால் தவிர. ஞாயிறு இரவு பரனூரில் வரிசை இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எந்த வெள்ளைக் கார்? மோதல் கோப்பில் எண் இல்லாவிட்டாலும் வண்டி இருக்கிறது. பெரிய வடிவங்களுக்கு பிக்சல் அதிகம் வேண்டாம். பின் கண்ணாடியில் பெரிய வேல் ஸ்டிக்கர், கூரையில் கேரியர், இடது பக்க டெயில் லைட் எரியவில்லை. இந்த மூன்றும் 15 மீட்டர் தூரத்திலும் தெளிவாகத் தெரிந்தன. எரியாத அந்த டெயில் லைட்டுக்கு நாங்கள் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

பரனூர் வரிசையின் கோப்பில் அந்தக் கார் இருந்தது. பக்கத்து வரிசையில், நண்பரின் வண்டிக்குச் சற்று முன்னால், கேமராவிலிருந்து 4 மீட்டர் சொச்சத்தில். வேல், கேரியர், இருண்ட டெயில் லைட், மூன்றும் பொருந்தின. அதுவும் நின்று நின்று நகர்கிறது, இவரும் நிற்கிறார். மேற்கூரை விளக்குகள் பக்கவாட்டிலிருந்து அடிக்கின்றன. நண்பரின் ஹெட்லைட் அந்த பிளேட்டில் நேராகப் படவில்லை. அதே ஃப்ரேமில் நேர் முன்னால் நின்ற காரின் பிளேட் வெளிச்சத்தில் கரைந்துபோயிருந்தது. பக்கத்து வரிசைப் பிளேட் படிக்கிற நிலையில் இருந்தது.

ஒரே ஃப்ரேமில் முழுசாகத் தெரியவில்லை. இரைச்சல் இருந்தது, பிரேக் லைட்டின் சிவப்பு ஓரத்தை விழுங்கியது. ஆனால் நிற்கிற வண்டியின் பல ஃப்ரேம்கள் கையில் இருக்கும்போது நேர்மையான ஒரு வழி உண்டு. விஎல்சி வீடியோ பிளேயரில் ‘ஈ’ (E) விசையை அழுத்தினால் ஃப்ரேம் ஃப்ரேமாக நகரும். அப்படிப் பார்த்து நல்ல பகுதியைக் குறித்துக்கொண்டு, எஃப்எஃப்எம்பெக் நிரலால் அந்த ஃப்ரேம்களைத் தனித்தனிப் படங்களாக எடுத்து, பிளேட்டின் மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி அடுக்கிச் சராசரி எடுத்தோம். 16 படங்களைச் சராசரி எடுத்தால் இரைச்சல் கால்வாசியாகக் குறையும். அதோடு வண்டி மெல்ல ஊர்ந்ததால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் எழுத்துகள் பிக்சல் கட்டங்களின் மேல் சற்றே வேறு இடத்தில் விழுகின்றன. அதனால் ஒரு ஃப்ரேமில் தெரியாத விளிம்பு இன்னொன்றில் தெரியும். இது ஊகம் இல்லை, கேமரா உண்மையிலேயே பதிவுசெய்த தகவலைச் சேர்த்து வைப்பது. மேலே சொன்ன செயலிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கிடைத்த படத்தில் இரண்டு இடம் தவிர எல்லாம் தெளிவு. பதிவெண்ணின் நடுவே வரும் வரிசை எழுத்துகளில் ஒன்று பி அல்லது ஆர். நான்கு இலக்கத்தில் ஒன்று 3, 6, 8 ஆகியவற்றில் ஏதோ ஒன்று. இந்தியப் பதிவெண்ணின் அமைப்பு இங்கே கைகொடுக்கிறது. எந்த இடத்தில் எழுத்து வரும், எந்த இடத்தில் இலக்கம் வரும் என்பது முன்பே தெரியும் என்பதால், 8ஐயும் பியையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஐ, ஓ இரண்டும் வரிசை எழுத்தாகக் கொடுக்கப்படுவதில்லை, அதனால் 1, 0 குழப்பமும் இல்லை. இரண்டு எழுத்து, மூன்று இலக்கம், ஆக ஆறு சாத்தியம். அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர் மறைத்துத்தான் வரும், ஆனால் வண்டியின் வகையும் மாடலும் வரும். ஆறில் ஒன்றுதான் வீடியோவில் இருந்த மாடல்.

புகாரில் எதை எழுதுவது

இங்கே நண்பருக்கும் எனக்கும் சின்னக் கருத்து வேறுபாடு. இந்த வண்டிதான் இடித்தது என்று நேராக எழுத வேண்டும் என்றார் அவர். நான் எழுதச் சொன்னது வேறு: மோதல் கோப்பில் எண் தெரியவில்லை, இன்ன அடையாளங்கள் உள்ள கார் மோதியது, அதே அடையாளங்கள் உள்ள கார் இன்ன நேரத்தில் பரனூரில் இன்ன வரிசையில் இருந்தது, அதன் எண் இதுவாக இருக்கலாம், டோல்கேட்டின் சொந்தப் பதிவை வைத்துச் சரிபார்க்கவும். சுங்கச்சாவடியில் ஒவ்வொரு தடத்திலும் கேமரா உண்டு, ஃபாஸ்டாக் பதிவும் உண்டு. நம் ஊகத்தைவிட அது பல மடங்கு வலுவான ஆதாரம். நாம் கொடுக்க வேண்டியது எந்த நேரம், எந்தத் தடம் என்பதுதான். அப்படியே எழுதினோம்.

நேரம் என்றதும் இன்னொரு சிக்கல் தெரியவந்தது. டேஷ்கேமின் கடிகாரம் சில நிமிடங்கள் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஜிபிஎஸ் இல்லாத கேமராக்களில் இது சகஜம், யாரும் திருத்துவதில்லை. திருத்தாமலேயே நேரத்தைக் கொடுத்திருந்தால் டோல்கேட்டில் வேறு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நண்பரின் ஃபாஸ்டாக்கில் பணம் கழிந்த செய்தியில் இருந்த நேரத்தையும், வீடியோவில் அவருக்குத் தடுப்பு திறந்த நேரத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கணக்கிட்டு, புகாரிலேயே குறிப்பிட்டோம்.

மூலக் கோப்புகளைத் தொடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்று வேண்டும். அந்தச் சான்றின் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி) எழுத வேண்டும். ஒரு பகுதி பதிவை வைத்திருப்பவர் கையெழுத்துப் போடுவது, மற்றது நிபுணருடையது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ மறுபடி சுருக்கப்பட்டுவிடுவதால் ஹாஷும் மாறிவிடும், எஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச நுணுக்கமும் போய்விடும். மெமரி கார்டையே பத்திரப்படுத்தி, பிரதியைப் பென்டிரைவில் கொடுத்தோம்.

பரனூர் கோப்பு தப்பியதே பெரிய விஷயம். அதிர்வு வந்ததும் கேமரா தானாகப் பூட்டியது மோதல் நடந்த மூன்று நிமிடக் கோப்பை மட்டும். மற்றவை சுழற்சியில் அழிகிறவை. 64 ஜிபி கார்டில், நொடிக்கு 15 மெகாபிட் என்ற பதிவு அளவில், ஒன்பது மணி நேரத்துச் சொச்சம்தான் பழைய கோப்பு நிற்கும். அவர் அன்றிரவே கார்டைக் கழற்றி வைத்துவிட்டார். நிறுத்தியிருக்கும்போதும் பதிவுசெய்யும் அமைப்பு அவருடைய கேமராவில் ஓடிக்கொண்டிருந்தது. கழற்றாமல் விட்டிருந்தால் மறுநாள் காலை பரனூர் கோப்பு இருந்திருக்காது.

டோல்கேட் பதிவு எங்கள் எண்ணை உறுதிப்படுத்தியது. உரிமையாளரை அழைத்தார்கள். அன்று ஓட்டியது அவர் உறவினர். நண்பரின் காரின் வலப்பக்கத்திலிருந்து உரசி ஒட்டிய பெயின்ட் அந்த வண்டியின் இடது கதவில் இன்னும் இருந்தது. கண்ணாடிக்கும் டிங்கரிங்குக்கும் ஆன செலவைக் கொடுத்து, நிலையத்திலேயே எழுதி முடித்துக்கொண்டார்கள். நண்பரின் போனஸ் தப்பித்தது.

இப்போது அவர் கேமராவை மாற்றவில்லை. சில அமைப்புகளை மட்டும் மாற்றியிருக்கிறார். பதிவு அளவை அதிகபட்சத்துக்கு ஏற்றினார். எக்ஸ்போஷரை அரைப்படி குறைத்தார். இரவுக் காட்சி இப்போது கொஞ்சம் இருட்டாகத் தெரிகிறது, ஆனால் பிளேட்டுகள் முன்புபோல் வெளுத்துப்போவதில்லை. கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்க மாட்டியிருந்த போலரைசர் ஃபில்டரை இரவுப் பயணத்தில் கழற்றிவிடுகிறார். அது வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். கடிகாரத்தை மாதத்தில் ஒருமுறை சரிபார்க்கிறார். கேமராவின் மைக்கை ஆன் செய்து வைத்திருக்கிறார். ஏதாவது நடந்தால், கண்ணுக்குத் தெரிகிற எண்ணை உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். போன வாரம் தாம்பரம் சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோவின் எண்ணை அவருடைய மகள் காரணமே இல்லாமல் உரக்கப் படித்துக்காட்டியிருக்கிறாள்.